நாட்டுக்கோழிக் குஞ்சுகளுக்கு மேல்வலை: 14 மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

திறந்தவெளியில் மேயும் கோழிக் குஞ்சுகளைப் பருந்திடமிருந்து காப்பதற்காக, சென்ற ஆண்டு மாசி மாதத்தில் நாகர்கோவில் பக்கத்து வலைக்கடை ஒன்றில் தொலைபேசியில் சொல்லி முடிச்சு நைலான் வலை ஒன்றை வரவழைத்தேன். ஓர் ஆடிக் காற்றையும், ஓர் ஐப்பசி மழையையும், இரண்டு கோடைகளின் வெயிலையும் அந்த வலை பார்த்துவிட்டது. அதன் கீழ் நான்கு அடைக் குஞ்சுகள் வளர்ந்து வெளியே போயிருக்கின்றன. வலை வாங்கலாமா என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் எதைக் கேட்க வேண்டும், கட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்பதை, எனக்கு நேர்ந்த தவறுகளையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் சங்கரன்கோவில் வட்டாரத்தில், கரிசல் காட்டை ஒட்டி இருக்கிறது. வளர்ப்பது சிறுவிடைக் கோழிகள். நன்றாக அடைகாத்து, குஞ்சுகளை அக்கறையாக மேய்த்துக்கொண்டு திரியும் இனம் என்பதால் விரும்பி வைத்திருக்கிறேன். வலை வாங்குவதற்கு முந்தைய தை மாதத்தில் ஒரு பெட்டை 11 குஞ்சுகள் பொரித்தது. ஒன்பதாம் நாள் எண்ணிப் பார்த்தபோது நான்குதான் இருந்தன. கடைசிக் குஞ்சு போனதை நானே கண்ணால் பார்த்தேன். பனைமர வரிசைக்கு அப்பாலிருந்து பருந்து ஒன்று சிறகை அடிக்காமல் தாழ்ந்து வந்தது. சேவல் தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் வானத்தைப் பார்த்து, நீளமாக ஒரு குரல் கொடுத்தது. தாய்க்கோழி இறக்கையை விரித்து உட்கார்ந்தது. குப்பைமேட்டின் ஓரத்தில் நின்ற ஒரு குஞ்சு மட்டும் தாயிடம் ஓடுவதற்குள், பருந்து தரையில் கால் வைக்காமலே அதைத் தூக்கிக்கொண்டு மேலேறிவிட்டது. ஒரு இறகுகூட அங்கே கிடக்கவில்லை. தாய்க்கோழி அன்று பொழுது சாயும் வரை அந்த மேட்டையே சுற்றிச் சுற்றி வந்து கொக்கரித்துக்கொண்டிருந்தது. மறுநாளே வலை விசாரிக்கத் தொடங்கினேன்.

வலையின் கண் அளவை முடிவு செய்வதற்கு முன், நம் ஊரில் குஞ்சைத் தூக்குவது எந்தப் பறவை என்று தெரிந்துகொள்வது அவசியம். எங்கள் ஊரில் எல்லாவற்றையும் பிராந்து என்று ஒரே பெயரில் சொல்லிவிடுவார்கள். ஆனால் அவை வெவ்வேறு பறவைகள். வரும் விதமும் வேறு. வாலின் நடுவில் பிளவுபட்டு, உடல் முழுதும் கரும்பழுப்பாக இருப்பது கரும்பருந்து. திறந்தவெளியில் வட்டமிட்டு, தாழப் பறந்து வந்து அள்ளிச் செல்வது இதன் வழக்கம். வெள்ளைத் தலையும் செம்பழுப்பு உடலும் கொண்டது, கோயில்களில் கருடன் என்று கும்பிடப்படும் செம்பருந்து. நீர்நிலை ஓரத்து மீன், நண்டு, செத்த உயிர்கள் ஆகியவற்றையே பெரிதும் நம்பியிருந்தாலும், கிடைத்தால் கோழிக்குஞ்சையும் விடாது. மூன்றாவது வல்லூறு. புறா அளவே இருக்கும் இந்தப் பறவை வானத்தில் வட்டமிட்டு நம்மை எச்சரிப்பதில்லை. வேம்பு, புளி போன்ற மரங்களின் இலைக்குள் அசையாமல் உட்கார்ந்திருந்து, தரையை ஒட்டிப் பாய்ந்து வரும். இவற்றோடு காகத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பொரித்துப் பத்து நாள் ஆகாத குஞ்சுகளுக்குக் காகமும் பருந்துக்குச் சமமான எமன். குஞ்சு அடையாளமே இல்லாமல் மறைந்தால் பருந்து அல்லது காகம் என்றும், ஓரிடத்தில் இறகுகள் பிய்த்துக் குவிந்து கிடந்தால் வல்லூறு என்றும், கழுத்தில் கடியோடு ஒன்றுக்கு மேற்பட்டவை செத்துக் கிடந்தால் கீரி என்றும் என் அனுபவத்தில் பிரித்தறிகிறேன். கீரிக்கு மேல்வலை பதில் ஆகாது.

வலைக்கு முன்பு நான் செய்து பார்த்தவற்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றும் பலர் அவற்றைத்தான் முதலில் பரிந்துரைக்கிறார்கள். காற்றில் படபடக்கும் மினுமினுப்பு நாடாவைக் கம்புகளுக்கு இடையே கட்டினேன். ஏறக்குறைய மூன்று வாரங்கள் பருந்து நெருங்கவில்லை. நான்காவது வாரத்தில் அந்த நாடா கட்டிய கம்பின் மேலேயே வந்து உட்கார்ந்தது. பழைய குறுந்தகடுகளைத் தொங்கவிட்டதும் அதே கதிதான். என் அத்தை குஞ்சுகளுக்கு ரோஸ் நிறச் சாயம் பூசிவிடுவார்கள். அவர்கள் காலத்தில் அது கைகொடுத்தது என்று உறுதியாகச் சொல்கிறார்கள். எனக்குப் பலன் தெரியவில்லை. பஞ்சாரம் மட்டுமே என்றும் பொய்க்காத வழி. ஆனால் குஞ்சுகளை நாள் முழுதும் பஞ்சாரத்துக்குள் கவிழ்த்து வைத்தால் அவை கிளறவும் பூச்சி பொறுக்கவும் எப்படிக் கற்றுக்கொள்ளும்? பஞ்சாரத்தையே பெரிதாக்கினால் என்ன என்ற எண்ணத்தில்தான் வலைக்கு வந்தேன்.

இனி வலைக்கு வருகிறேன். நான் கேட்டது 50 அடி நீளம், 30 அடி அகலம், 2 அங்குலக் கண். ஓரக் கயிறும் பார்சல் கட்டணமும் சேர்த்து 1,800 ரூபாய் ஆனது. நான்கே நாளில் சாக்குப் பையில் கட்டி வந்து சேர்ந்தது. கட்டிய விதத்தில் குறையில்லை. அவிழ்த்துக் களத்தில் விரித்தபோதுதான் திகைத்துப்போனேன். கண்கள் சதுரமாகத் திறக்கும்படி விரித்தால் நீளம் 35 அடி, அகலம் 21 அடிக்கு மேல் வரவில்லை. ஏமாற்றிவிட்டார்கள் என்றே நினைத்துத் தொலைபேசியில் கேட்டேன். "அண்ணாச்சி, வலைய இழுத்துப் பிடிச்சு அளக்கதுதான் எங்க கணக்கு. விரிச்சுக் கட்டினா சுருங்கத்தான் செய்யும்" என்றார் கடைக்காரர். மீன் வலைத் தொழிலில் அதுதான் வழக்கமான அளவு என்பதை ஊரில் வலை பின்னத் தெரிந்த பெரியவர் ஒருவரும் பிறகு உறுதிசெய்தார். இழுத்த அளவில் 50 அடி உள்ள வலை, கண் சதுரமாக நிற்கும்போது பத்தில் ஏழு பங்காகக் குறையும். நீளமும் அகலமும் அப்படியே குறைவதால் பரப்பில் சரிபாதி போய்விடும். நான் 1,500 சதுர அடி என்று கணக்கிட்டு வாங்கியதில் எனக்குக் கிடைத்தது 735 சதுர அடி. கடைக்காரர் பொய் சொல்லவில்லை என்று ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கோழி வளர்ப்பவர் ஒருவர் வலை கேட்கும்போது, இது இழுத்த அளவு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டியது அவர் கடமை. வாங்குபவர்கள் "விரித்துக் கட்டினால் எத்தனை அடி வரும்" என்று கேட்டு, அதைப் பில்லில் எழுதி வாங்க வேண்டும்.

கண் அளவிலும் இதே குழப்பம்தான். அவர்கள் 2 அங்குலம் என்று சொல்வது, கண்ணை இழுத்துப் பிடித்தால் எதிரெதிர் முடிச்சுகளுக்கு இடையே உள்ள தூரம். சதுரத்தின் ஒரு பக்கம் 1 அங்குலமே இருந்தது. இது எனக்குச் சாதகமாகவே முடிந்தது. கரும்பருந்தை மட்டும் தடுப்பதென்றால் பக்கத்துக்கு 4 அங்குலம் உள்ள கண்கூடப் போதும். வல்லூறையும் காகத்தையும் சேர்த்துத் தடுக்க வேண்டுமென்றால் பக்கத்துக்கு 2 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது என்பது என் கருத்து. 1 அங்குலக் கண் மிகப் பாதுகாப்பானதுதான், ஆனால் அதற்கான விலையை வேப்பிலை உதிரும்போது கொடுக்கிறோம். மாசி, பங்குனியில் சருகுகள் கண்களில் சிக்கித் தேங்கி, வலை பாரம் தாங்காமல் நடுவில் தொய்ந்துவிடுகிறது. வாரம் ஒரு முறை மூங்கில் கழியால் கீழிருந்து தட்டிவிடாமல் முடியாது.

கட்டுவதில் செலவிட்ட நேரம் வீண்போகவில்லை. சுற்றிலும் பத்துச் சவுக்குக் கம்புகள், நடுவில் இரண்டு கம்புகள். தரைக்கு மேல் ஆறரை அடி உயரம். குனியாமல் உள்ளே நடமாட முடிந்தால்தான் தினமும் சுத்தம் செய்வோம் என்பதால் உயரத்தைக் குறைக்க வேண்டாம். ஓரத்துக் கண்கள் ஒவ்வொன்றிலும் 4 மி.மீ. கயிற்றைக் கோத்து, அந்தக் கயிற்றைத்தான் கம்பில் கட்ட வேண்டும். வலையை நேரடியாகக் கம்பில் கட்டினால் அந்த ஒரு கண் மொத்தப் பாரத்தையும் தாங்கி அறுந்துபோகும். நடுக்கம்புகளின் தலையில் பழைய சைக்கிள் டயர்த் துண்டைச் சுற்றி வைத்தேன். அதனால் உராய்வில் வலை கிழியவில்லை. பக்கவாட்டில் அதே வலையைத் தொங்கவிட்டது என் முதல் தவறு. மூன்று நாள் குஞ்சுகள் 1 அங்குலக் கண்ணிலும் தலையை நுழைத்து, உடலை நெளித்து வெளியே வந்துவிட்டன. தாய் உள்ளேயும் குஞ்சுகள் வெளியேயும் நின்று கத்திய கத்தலில் தோட்டமே அதிர்ந்தது. அன்று மாலையே அடியிலிருந்து இரண்டு அடி உயரத்துக்கு அரை அங்குலக் கம்பிவலை அடித்தேன். கீரிக்கும் அது ஓரளவு தடை.

பலன் எப்படி என்று கேட்டால், என் குறிப்பேட்டில் உள்ள கணக்கைச் சொல்கிறேன். நான்கு அடைகளில் 39 குஞ்சுகள். எட்டு வாரம் கழித்து 31 இருந்தன. போன எட்டில் ரத்தக்கழிச்சலால் நான்கு, கீரியால் இரண்டு, தண்ணீர்த் தட்டில் விழுந்து ஒன்று. காகத்தால் போனது ஒன்று. சருகு தேங்கி வலை தொய்ந்திருந்த நாளில், காகம் வலையின் மேலேயே உட்கார்ந்து, அடியிலிருந்த திண்டின் மேல் ஏறிய குஞ்சைக் கண் வழியே கொத்திவிட்டது. பருந்தாலும் வல்லூறாலும் ஒன்றுகூடப் போகவில்லை. பங்குனியில், பருந்துகள் தம் கூட்டில் உள்ள குஞ்சுகளுக்காக ஓயாமல் இரை தேடும் காலத்தில், ஒரு கரும்பருந்து வலைக்கு மேலே தினமும் தாழப் பறந்து பார்த்துவிட்டுப் போகும். இறங்கியதில்லை. பாதுகாப்பு என்ற ஒன்றுக்கு இந்த வலைக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

ஆனால் வலை யாரையெல்லாம் பிடிக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். கட்டிய இரண்டாம் மாதம், ஒரு மூலையில் மிச்சமிருந்த வலையை வெட்டாமல் மடித்துத் தொங்கவிட்டிருந்தேன். விடிகாலையில் போய்ப் பார்த்தால் அந்த மடிப்பில் ஒரு புள்ளி ஆந்தை சிக்கித் தலைகீழாகத் தொங்குகிறது. அதன் மஞ்சள் கண்கள் இரண்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. ஈரத் துண்டால் போர்த்தி, நகக்கத்தரியால் ஒவ்வோர் இழையாக வெட்டி எடுக்க அரை மணி நேரம் ஆனது. இறக்கை முறியாததால் வேலிக்கருவை மேல் போய் உட்கார்ந்து, பிறகு பறந்தது. எலியைப் பிடித்து நமக்கு நன்மை செய்யும் பறவை, என் சோம்பலால் சாகவிருந்தது. இறுக்கமாகக் கட்டிய வலையில் பறவை மோதினால் துள்ளி விலகிவிடும். தொய்ந்த வலையிலும் தொங்கும் மடிப்பிலும்தான் சிக்கிக்கொள்ளும். சாரைப்பாம்புகளும் தரையில் புரளும் வலை ஓரத்தில் மாட்டிக்கொள்ளும் என்பதால், வலையின் நுனி தரையைத் தொடாதபடி கம்பிவலையின் மேல் விளிம்பிலேயே முடித்துவிட வேண்டும். நிறத்தையும் கவனியுங்கள். கண்ணுக்கே தெரியாத மெல்லிய தங்கூசி நரம்பு வலை மலிவாகக் கிடைக்கிறது என்று பலர் வாங்குகிறார்கள். பறவைகளுக்கும் அது தெரிவதில்லை. வெள்ளையோ பச்சையோ, தடித்த இழையில் எடுப்பதே நல்லது.

உழைப்பு விஷயத்தில் இந்த வலை எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. ஐந்து ஆண்டு தாங்கும் என்று வாயால் சொன்னார்கள், பில்லில் எழுதவில்லை. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று எங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்பது காற்றாலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த இரண்டு மாதத்தை வலை தாங்கிவிட்டது. மூன்று இடங்களில் ஓரக் கயிறுதான் தேய்ந்து அறுந்தது. வெயில்தான் இதற்குப் பெரிய எதிரி. இப்போது மேற்குப் பக்கத்து இழைகள் பஞ்சுபோல் நுரைத்து, விரலால் வெடுக்கென்று இழுத்தால் அறுகின்றன. நைலான் மழையில் நீரை உறிஞ்சித் தொய்வதும் உண்டு. ஐப்பசியில் இரண்டு முறை கயிற்றை இறுக்கிக் கட்ட வேண்டியிருந்தது. வெயில் தாங்கும் சேர்மானம் கலந்த ஹெச்.டி.பி.இ. (ஒரு வகைக் கெட்டி பிளாஸ்டிக்) வலைக்கு இந்த இரண்டு குறைகளும் குறைவு. அது நீரை உறிஞ்சாது. நான் முதலிலேயே அதைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

தோட்டம் முழுதும் வலை போடலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். வேண்டாம் என்பதே என் பதில். இதைச் செலவை மட்டும் கருதிச் சொல்லவில்லை. வலைக்குள் ஒரே மண்ணில் தொடர்ந்து குஞ்சுகள் வளர்ந்தால் எச்சம் சேர்ந்து, மழை ஈரத்தில் ரத்தக்கழிச்சல் வந்துவிடும். மேலே சொன்ன நான்கு குஞ்சுகளை நான் அப்படித்தான் இழந்தேன், அதுவும் ஐப்பசியில். அதன்பின் வலைக்கூடத்தைத் தட்டியால் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் குஞ்சுகள், மறுபாதியில் கம்பு விதைத்துக் காயவிடுவது என்று மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறேன். எட்டு வாரம் ஆன குஞ்சு, தாயோடு வெளியே போகட்டும். அந்த வயதில் பருந்து தூக்கும் பாரத்தைத் தாண்டாவிட்டாலும், சேவலின் குரலுக்கு ஓடி ஒளியக் கற்றுக்கொண்டிருக்கும். ஒளிய இடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். காட்டுக்கோழியின் வழி வந்த பறவை இது. வெட்டவெளி அதன் இயல்பான இடம் அல்ல. அகத்தி, முருங்கை, ஆமணக்கு ஆகியவற்றின் அடியிலும் அவரைப் பந்தலின் கீழும் மேயும் கோழியைப் பருந்தால் எளிதில் நெருங்க முடியாது. எங்கள் மின்கம்பியில் ஒரு கரிச்சான் ஜோடி இருக்கிறது. கூடு கட்டும் காலத்தில் தன்னைவிடப் பல மடங்கு பெரிய பருந்தை முதுகில் கொத்தித் துரத்திக்கொண்டே போகும். அவை கூடு கட்டும் வேப்பமரத்தின் கிளையை அந்த மாதங்களில் நான் வெட்டுவதில்லை.

மற்றத் தெரிவுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கையில் பணம் குறைவென்றால், கம்புகளுக்கு இடையே ஓர் அடிக்கு ஒன்றாகத் தடித்த கயிறுகளைக் குறுக்கே இழுத்துக் கட்டலாம். சிறகை விரித்து இறங்கும் பருந்து தயங்கும், வல்லூறு தயங்காது. நிழல்வலை வெயிலுக்கு நல்லது, ஆனால் எங்களைப் போன்ற காற்றுப் பகுதியில் பாய்மரம்போல் இழுத்துக் கம்பையே சாய்த்துவிடும். மேலேயும் கம்பிவலை போட்டால் மிக உறுதி. விலையும் துருவும் யோசிக்க வைக்கின்றன.

ஒன்றை மட்டும் மன்றாடிக் கேட்கிறேன். குஞ்சு போன ஆத்திரத்தில் இறைச்சியில் குருணை மருந்தைக் கலந்து வைப்பவர்களை நான் அறிவேன். பருந்தும் வல்லூறும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்டவை, அவற்றைக் கொல்வது தண்டனைக்குரிய குற்றம். அந்த நஞ்சு பருந்தோடு நிற்பதும் இல்லை. தெருநாய், பூனை, காகம், மயில் என்று அடுத்தடுத்துப் போகும். அதே மண்ணைக் கிளறும் நம் கோழிக்கும் வரும்.

மொத்தத்தில், நான் வாங்கிய வலைக்கு ஐந்தில் மூன்றரை மதிப்பெண். பாதுகாப்புக்கு ஐந்து, உழைப்புக்கு மூன்று, அளவைத் தெளிவாகச் சொல்லாததற்கு இரண்டரை. கொடுத்த 1,800 ரூபாயை, குஞ்சுகள் வளர்ந்து விற்ற முதல் இரண்டு அடைகளிலேயே எடுத்துவிட்டேன். வரும் ஆனிக் காற்று ஓய்ந்ததும் பழையதைக் கழற்றிவிட்டு, பச்சை நிற ஹெச்.டி.பி.இ. வலையை, பக்கத்துக்கு ஒன்றரை அங்குலக் கண்ணில், விரித்த அளவில் 40 அடிக்கு 24 அடி என்று எழுதிக் கொடுத்து வாங்கப் போகிறேன். கழற்றும் பழைய வலையின் நல்ல பகுதியை வெட்டி, பூசணிக் கொடிக்கு வேலியாகக் கட்ட என் அத்தை இப்போதே கேட்டு வைத்திருக்கிறார்கள்.